வைரஸைத் தாங்கும் விதை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சேலம் மாவட்டத்தின் சமவெளிப் பகுதிகளிலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் வந்த கடிதங்களில், காய்கறிப் பயிர்களைத் தாக்கும் வைரஸ் நோய்களையும், அவற்றைத் தாங்கும் ரகங்களை மரபணுக் குறிப்பான்களின் துணையோடு உருவாக்கும் முறையையும் பற்றியவை இந்த மாதம் அதிகம். அவற்றை இங்கே ஒருசேர எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: 'இலைச்சுருட்டையைத் தாங்கும்' என்று பாக்கெட்டில் அச்சிட்டிருந்த வீரிய ஒட்டுத் தக்காளி விதையை வாங்கி, குழித்தட்டில் நாற்று விட்டு, ஒன்றரை ஏக்கரில் நட்டேன். பூ எடுப்பதற்குள் பாதிக்கு மேல் சுருண்டுவிட்டது. கேட்டால், 'நீங்கள் மருந்து சரியாக அடிக்கவில்லை' என்கிறார் கடைக்காரர். விதை போலியா?
— விவசாயி, பனமரத்துப்பட்டி

பதில்: கடிதத்தில் உள்ள விவரங்களை மட்டும் வைத்து விதை போலி என்று சொல்லிவிட முடியாது. மருந்து அடிக்காததுதான் காரணம் என்பதையும் ஏற்க முடியாது. வைரஸைச் சுமந்து வரும் வெள்ளை ஈ அரை மணி நேரத்துக்குள்ளேயே அதைச் செடிக்குள் இறக்கிவிடும் என்பதால், பூச்சி மருந்து ஈயைக் கொன்றாலும் பல நேரங்களில் நோயைத் தடுக்க நேரம் கடந்திருக்கும். விதை அசலாகவே இருந்து, பாக்கெட்டில் இருந்த வாசகம் அரைகுறையாக இருந்திருக்கலாம் என்பதே என் சந்தேகம். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

இலைச்சுருட்டை என்று நாம் ஒரே பெயரால் அழைக்கும் நோய்க்குப் பின்னால் பல வைரஸ்கள் இருக்கின்றன. இந்தியாவில் தக்காளியில் இந்நோய் 1948ஆம் ஆண்டிலேயே பதிவு செய்யப்பட்டது. பிற்காலத்தில் டி.என்.ஏ. அளவில் ஆராய்ந்தபோது, வெள்ளை ஈ பரப்பும் பிகோமோவைரஸ் வகையைச் சேர்ந்த பல வைரஸ்கள் இதே அறிகுறியைத் தோற்றுவிப்பது தெரியவந்தது. பெங்களூரின் பெயரால் அழைக்கப்படும் தக்காளி இலைச்சுருட்டை வைரஸின் மரபுப்பொருள் ஒரே டி.என்.ஏ. வளையத்தில் அடங்கிவிடுகிறது, புதுதில்லியின் பெயரால் அழைக்கப்படும் வைரஸுக்கு இரண்டு வளையங்கள் உண்டு. வயலில் நின்று பார்க்கும் நமக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்: இலை மேல்நோக்கிச் சுருளும், கணுவிடைவெளி குறுகும், செடி புதர்போல் நின்றுவிடும். ஆனால் எதிர்ப்பு மரபணுவுக்கு இவை இரண்டும் வெவ்வேறு எதிரிகள்.

நாம் பயிரிடும் தக்காளியில் இந்த வைரஸ்களை எதிர்க்கும் வலுவான மரபணு கிடையாது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவுகளிலும் அதன் மேற்கே உள்ள வறண்ட நிலங்களிலும் வளரும் காட்டுத் தக்காளி இனங்களிலிருந்தே அந்த எதிர்ப்பு மரபணுக்கள் வந்தன. டிஒய் என்ற எழுத்துகளோடு எண் சேர்த்து அவற்றைக் குறிப்பார்கள். டிஒய்-2 என்பது சொலானம் ஹாப்ரோகைடிஸ் என்ற இனத்திலிருந்து வந்தது. ஹரியானாவில் உருவாக்கப்பட்டு 1990இல் அறிவிக்கப்பட்ட எச்-24 என்ற தக்காளி வரிசையின் (பயிர்ப் பெருக்கத்துக்குப் பயன்படும் நிலையான செடி வகையின்) வழியாக அது உலகம் முழுவதும் பரவியது என்பது நம் நாட்டு ஆய்வாளர்களுக்குப் பெருமை சேர்க்கும் செய்தி. டிஒய்-1, டிஒய்-3 ஆகியவை சொலானம் சிலென்ஸ் என்ற இனத்திலிருந்து வந்தவை. இவை இரண்டும் ஒரே மரபணுவின் இரு வடிவங்கள் என்றும், வைரஸின் டி.என்.ஏ. செயல்படாதபடி அதை அடக்கிவைக்கச் செடிக்கு உதவும் ஒரு நொதியை உண்டாக்குகின்றன என்றும் 2013இல் தொடங்கி வந்த ஆய்வுகள் காட்டின.

வாரணாசியில் உள்ள இந்தியக் காய்கறி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. அதில் டிஒய்-2 மட்டும் உள்ள வரிசைகள், இரண்டு வளையங்கள் கொண்ட புதுதில்லி வைரஸின் முன் நிற்கவில்லை. டிஒய்-2, டிஒய்-3 இரண்டும் சேர்ந்த வரிசைகள் இரு வகை வைரஸ்களையும் தாங்கின. ஆகவே நீங்கள் வாங்கிய விதையில் டிஒய்-2 மட்டும் இருந்து, உங்கள் வயலுக்கு வந்தது இரண்டு வளைய வைரஸாக இருந்தால், விதை உண்மையானதாக இருந்தும் பயிர் சுருண்டிருக்கும். வேறு வழிகளிலும் இது நேரலாம். வெள்ளரித் தேமல் வைரஸ் உடன் சேர்ந்து தாக்கும்போது டிஒய்-1 தரும் எதிர்ப்பு தளர்ந்துவிடுவது சோதனையில் நிறுவப்பட்டிருக்கிறது. நாற்றங்காலிலேயே தொற்று ஏற்பட்ட இளஞ்செடியில் நல்ல மரபணுவும் தடுமாறும். இலைப்பேன் பரப்பும் நிலக்கடலை மொட்டுக் கருகல் வைரஸ் தக்காளியையும் தாக்கும். அதில் நுனி கருகி, தண்டில் பழுப்புக் கோடுகள் விழும். அதற்கு டிஒய் மரபணுக்கள் எதுவும் உதவாது.

எந்த வைரஸ், எந்த மரபணு என்ற இரண்டையும் சொல்லாமல் 'வைரஸைத் தாங்கும்' என்று மட்டும் அச்சிடுவது விவசாயிக்கு நியாயம் செய்வதாகாது என்பதை நான் அழுத்தமாகவே சொல்வேன். வெளிநாட்டு விதைப் பட்டியல்களில் ஒவ்வொரு ரகத்துக்கும் எதிரே வைரஸின் குறியீடும், எதிர்ப்பு உயர்நிலையா இடைநிலையா என்பதும் தனித்தனியாக அச்சிடப்பட்டிருக்கும். நம்முடைய 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டம் முளைப்புத்திறனையும் தூய்மையையும் கவனிக்கிறதே தவிர, எதிர்ப்பு மரபணுவை அச்சிட வேண்டும் என்று கேட்கவில்லை. சட்டம் கேட்காவிட்டாலும் நீங்கள் கேட்கலாம். ரசீது, காலிப் பாக்கெட், அதிலுள்ள தொகுதி எண் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, விதை ஆய்வாளரிடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். நோயுற்ற இலைகளைச் சோதனைக்கு அனுப்பி எந்த வைரஸ் என்று தெரிந்துகொள்வது அடுத்த பட்டத்துக்கு ரகம் தேர்வு செய்ய உதவும்.

கேள்வி: பயிர்ப் பெருக்கத்தில் மார்க்கர் என்று சொல்லப்படும் மரபணுக் குறிப்பான் உண்மையில் என்ன? பாடப்புத்தகத்தில் வரையறை இருக்கிறது. அது வேலை செய்யும் விதம் பிடிபடவில்லை.
— வேளாண்மைக் கல்லூரி மாணவி, வாழப்பாடி

பதில்: தெரியாத ஊருக்குப் போகும்போது, 'அரசமரத்தடிப் பிள்ளையார் கோயிலுக்கு அடுத்த வீடு' என்று அடையாளம் சொல்வார்கள் அல்லவா, குறிப்பான் அந்தக் கோயில். நமக்கு வேண்டிய மரபணு எந்தக் குரோமோசோமில் எந்த இடத்தில் இருக்கிறதோ, அதற்கு மிக அருகில், இரு பெற்றோரிடமும் வேறுபட்டிருக்கும் ஒரு சிறு டி.என்.ஏ. துண்டைக் கண்டுபிடித்து, அது இருக்கிறதா என்று பார்த்தால், அருகிலுள்ள மரபணுவும் இருக்கும் என்று நம்பலாம்.

எவ்வளவு நம்பலாம் என்பது தூரத்தைப் பொறுத்தது. பாலணுக்கள் உருவாகும்போது குரோமோசோம்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. குறிப்பானுக்கும் மரபணுவுக்கும் இடையே நூற்றுக்கு ஒரு முறை இப்படிப் பிரிவு நேர்ந்தால், அந்தத் தூரத்தை ஒரு சென்டிமார்கன் என்பர். ஐந்து சென்டிமார்கன் தள்ளியிருக்கும் குறிப்பானை நம்பினால், நூறில் ஐந்து முறை அளவுக்கு ஏமாறுவோம். ஆதலால்தான் மரபணுவுக்கு இருபுறமும் ஒவ்வொரு குறிப்பானை வைத்துப் பார்ப்பதும், முடிந்தால் மரபணுவுக்குள்ளேயே உள்ள டி.என்.ஏ. எழுத்து மாற்றத்தைக் குறிப்பானாக எடுத்துக்கொள்வதும் வழக்கமாயின.

டிஒய்-2க்குப் பயன்படும் டி0302 என்ற குறிப்பானைப் பாருங்கள். நாற்றின் இலையில் ஒரு சிறு வட்டம் வெட்டி, டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, பி.சி.ஆர். கருவியில் அந்தப் பகுதியை மட்டும் பெருக்கி, துண்டுகளை நீளத்துக்கேற்பப் பிரித்துக்காட்டும் ஜெல்லில் ஓடவிட்டால், எதிர்ப்புள்ள செடி சுமார் 900 இணை எழுத்து நீளமுள்ள பட்டையைக் காட்டும். எதிர்ப்பற்ற செடி சுமார் 800 காட்டும். இரண்டு பெற்றோரிடமிருந்தும் ஒவ்வொன்றைப் பெற்ற செடி இரண்டு பட்டைகளையும் காட்டும். அந்தச் செடி இன்னும் குழித்தட்டில்தான் இருக்கிறது. வெள்ளை ஈ அதைத் தொட்டதில்லை. வைரஸ் இல்லாத ஊரிலும், இல்லாத பருவத்திலும் இந்தச் சோதனையைச் செய்யலாம். பல்லாயிரம் செடிகளை வயலில் நட்டு, நோய் வரும்வரை காத்திருந்து, நோயிலிருந்து தப்பியது எது, எதிர்த்து நின்றது எது என்று குழம்பிய காலத்தோடு ஒப்பிட்டால் இது எத்தனை பெரிய விடுதலை என்பது புரியும்.

அடுத்த கட்டம் பின்கலப்பு. காட்டு இனத்தோடு நல்ல ரகத்தைக் கலந்தால் முதல் தலைமுறையில் பாதி மரபுப்பொருள் காட்டினுடையது. காய் சிறுக்கும், சுவை கெடும். அதை மீண்டும் நல்ல ரகத்தோடு கலந்துகொண்டே போனால், சராசரியாக 75, 87.5, 93.75 விழுக்காடு என்று நல்ல ரகத்தின் பங்கு உயரும். சராசரி என்ற சொல்லைக் கவனியுங்கள். முதல் பின்கலப்பில் பிறக்கும் நூறு செடிகளில் சிலவற்றில் அது 85ஐத் தாண்டியிருக்கும், சிலவற்றில் 65தான் இருக்கும். குரோமோசோம்கள் அனைத்திலும் பரவலாக வைத்த குறிப்பான்களால் அந்த முன்னணிச் செடிகளை அடையாளம் கண்டு அவற்றை மட்டும் முன்னெடுத்துச் சென்றால், ஆறேழு தலைமுறைகளில் முடியும் வேலை மூன்று நான்கு தலைமுறைகளிலேயே முடிந்துவிடும்.

மிகக் கடினமான பகுதி எதிர்ப்பு மரபணுவோடு ஒட்டிக்கொண்டு வரும் காட்டுத் துண்டுதான். தக்காளியின் ஆறாவது குரோமோசோமில், டிஒய்-1, டிஒய்-3 இருக்கும் பகுதியிலேயே வேர்முடிச்சு நூற்புழுவை எதிர்க்கும் எம்ஐ-1 என்ற மரபணுவும் இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு காட்டு இனங்களிலிருந்து வந்தவை. அந்த இடத்தில் குரோமோசோம்கள் துண்டுகளை எளிதில் மாற்றிக்கொள்வதும் இல்லை. ஆகவே இரண்டையும் ஒரே குரோமோசோமில் சேர்க்க, ஆயிரக்கணக்கான நாற்றுகளைக் குறிப்பான் கொண்டு சலித்து அரிதான ஒரு செடியைத் தேட வேண்டியிருக்கிறது. தக்காளியின் 12 குரோமோசோம்களும் முழுமையாக எழுத்தெழுத்தாகப் படிக்கப்பட்டு 2012இல் வெளியானபோது இத்தகைய தேடல் மிகவும் எளிதாயிற்று. அந்தப் பன்னாட்டுப் பணியில் ஐந்தாவது குரோமோசோம் இந்திய ஆய்வாளர்களின் பங்கு.

கேள்வி: ஏற்காட்டில் பசுமைக்குடிலில் குடைமிளகாய் வைத்திருக்கிறோம். இலை நரம்புகளை ஒட்டிக் கரும்பச்சைத் தேமலும் காயில் கோணலும் வருகின்றன. இதற்கு 'ஒடுங்கு' எதிர்ப்பு மரபணு உண்டு என்று படித்தேன். ஒடுங்கியிருக்கும் மரபணு எப்படி எதிர்ப்புத் தரும்?
— தோட்ட உரிமையாளர், ஏற்காடு

பதில்: சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், குளிர்ந்த சூழலில், நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு வெள்ளை ஈயைவிட அசுவினி பரப்பும் வைரஸ்களையே முதலில் சந்தேகிக்க வேண்டும். உருளைக்கிழங்கு ஒய் வைரஸும் மிளகாய் நரம்புத் தேமல் வைரஸும் இந்த வகையில் சேரும்.

இந்த வைரஸ்கள் தம் புரதத்தைத் தாமே உற்பத்தி செய்ய இயலாதவை. செடியின் செல்லில் புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் ஒரு காரணிப் புரதத்தின் மேல் தம்முடைய புரதம் ஒன்றைப் பொருத்திக்கொண்டுதான் பெருக முடியும். அந்தக் காரணியின் வடிவம் சற்றே மாறியிருக்கும் செடியில் வைரஸால் பற்றிக்கொள்ள முடிவதில்லை. செடிக்கோ அந்த மாற்றத்தால் பெரிய இழப்பில்லை. மிளகாயில் பிவிஆர்-2 எனப்படும் மரபணு இத்தகையது என்று 2002இல் நிறுவப்பட்டது. பெற்றோர் இருவரில் ஒருவரிடமிருந்து பழைய வடிவம் ஒன்று வந்துவிட்டாலும் வைரஸுக்குப் பிடி கிடைத்துவிடும். இரண்டு பிரதிகளும் மாறிய வடிவமாக இருந்தால் மட்டுமே எதிர்ப்பு; ஒடுங்கு பண்பு என்பதன் பொருள் இதுவே. மிளகாய் நரம்புத் தேமல் வைரஸ் போன்றவற்றுக்கு பிவிஆர்-6 என்ற மற்றொரு மரபணுவும் சேர்ந்து மாறியிருக்க வேண்டும்.

குறிப்பானின் அருமை மிக நன்றாகத் தெரிவது இத்தகைய மரபணுக்களில்தான். ஒரு பிரதி மட்டும் சுமக்கும் செடி நோயுறும். கண்ணால் பார்த்தால் பயனற்ற செடிக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. பழைய முறையில், ஒவ்வொரு பின்கலப்புக்குப் பிறகும் ஒரு தலைமுறையைத் தன்மகரந்தச் சேர்க்கை செய்து, பிறக்கும் சந்ததிச் செடிகளில் எதிர்ப்பு வெளிப்படுகிறதா என்று சோதித்த பின்பே அடுத்த கலப்புக்குப் போக முடிந்தது. குறிப்பான் அந்தச் செடியை நாற்றிலேயே காட்டிவிடுவதால் அத்தனை தலைமுறைகளும் மிச்சம். வீரிய ஒட்டு உருவாக்குபவர்கள் இரு பெற்றோர் வரிசைகளிலும் இந்த மரபணு இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். விதை வாங்கும் முன், உங்கள் செடியில் இருப்பது வெள்ளரித் தேமல் வைரஸா என்பதையும் சோதித்துக்கொள்ளுங்கள். அறிகுறி ஒத்திருந்தாலும் அதற்கு இந்த மரபணுக்களால் பயனில்லை.

கேள்வி: கத்தரியில் இலைகள் சிறுத்து, குச்சம்போல் ஆகி, காய்ப்பே நின்றுவிடுகிறது. இதற்கு வைரஸ் எதிர்ப்பு ரகம் வந்திருக்கிறதா?
— ஓமலூர் வாசகர்

பதில்: நீங்கள் விவரிப்பது சிற்றிலை நோய். அதை உண்டாக்குவது வைரஸ் அன்று. பைட்டோபிளாஸ்மா எனப்படும், செல்சுவரில்லாத பாக்டீரியா வகை நுண்ணுயிரி. தத்துப்பூச்சி அதைப் பரப்புகிறது. வைரஸுக்கான எதிர்ப்பு மரபணுக்களை இதில் தேடிப் பயனில்லை. நோயுற்ற செடியைக் கண்டவுடன் பிடுங்கி அழிப்பதும் தத்துப்பூச்சியைக் கட்டுப்படுத்துவதுமே வழி.

கேள்வி: தக்காளிக்கு இவ்வளவு செய்திருக்கிறார்கள். வெண்டைக்காயில் மஞ்சள் நரம்புத் தேமல் ஆண்டுதோறும் வருகிறது; தலைவாசல் சந்தைக்கு மஞ்சள் பாய்ந்த காயைக் கொண்டுபோனால் விலையே இல்லை. வெண்டைக்கு ஏன் இன்னும் மார்க்கர் முறை வரவில்லை?
— விவசாயி, தலைவாசல்

பதில்: நியாயமான வருத்தம். வெண்டையின் இந்நோய் பம்பாய் மாகாணத்தில் 1924இலேயே பதிவானது. நூறாண்டுப் பழமையான தொல்லை. முயற்சிகளும் குறைவில்லை. பூசா சவானி என்ற ரகம் ஒரு காலத்தில் நோயைத் தாங்குவதாகப் பெயர் பெற்று, பின்னர் முற்றிலும் பலியாயிற்று. மகாராஷ்டிரத்தின் பர்பானி கிராந்தியும், பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகாவும் காட்டு வெண்டை இனங்களோடு கலந்து உருவானவை. பல ஆண்டுகள் பேருதவி செய்தபின் அவற்றின் எதிர்ப்பும் பல இடங்களில் தளர்ந்துவிட்டது.

தடை செடியின் உள்ளமைப்பிலேயே இருக்கிறது. தக்காளிக்கு 12 இணைகளாக 24 குரோமோசோம்கள்; வெண்டைக்குப் பெரும்பாலும் 130. ஒரே மரபணுவின் பல நகல்கள் பல இடங்களில் இருப்பதால், எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று சுட்டிக்காட்டுவது கடினம். ஓர் ஆய்வு ஒரே ஓங்கு மரபணு (ஒரு பிரதி இருந்தாலே பண்பைக் காட்டுவது) என்கிறது, மற்றொன்று இரண்டு மரபணுக்கள் சேர்ந்து செயல்படுகின்றன என்கிறது, வேறொன்று ஒடுங்கு பண்பு என்கிறது. பயன்படுத்திய காட்டு இனமும் ஊரும் வைரஸும் மாறியதால் முடிவுகளும் மாறியிருக்கலாம். வைரஸும் தனியாக வருவதில்லை. பீட்டா சாட்டிலைட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு நோயைக் கடுமையாக்குகிறது. மரபணு இருக்கும் இடம் உறுதியாகத் தெரியாதவரை அதன் அருகில் குறிப்பான் வைக்க இயலாது. ஆதலால் வெண்டையில் இன்றும், நோய் கடுமையாக வரும் இடத்தில், எளிதில் நோயுறும் ரகத்தை வரிசைகளுக்கு இடையே நட்டு, தப்பி நிற்பவற்றைத் தேர்ந்தெடுப்பதே முதன்மையான வழி. வெண்டையின் முழு மரபணுத் தொகுதியும் அண்மை ஆண்டுகளில் படிக்கப்பட்டுவிட்டதால் நிலைமை மாறும் என்று நம்புகிறேன். இந்தப் பயிருக்கு அரசு ஆய்வு நிதி கூடுதலாக வர வேண்டும். வெண்டையை உலகிலேயே அதிகம் விளைவிக்கும் நாம் செய்யாவிட்டால் வேறு யாரும் இதைச் செய்யப்போவதில்லை.

கேள்வி: மரவள்ளியைக் காய்கறி என்று சொல்வீர்களோ தெரியவில்லை, ஆனால் எங்கள் பிழைப்பு அதில்தான். தேமல் நோயால் கிழங்கு சிறுத்து, சேகோ ஆலையில் மாவுச்சத்துக் குறைவு என்று விலையைக் குறைக்கிறார்கள். இதற்கும் எதிர்ப்பு மரபணு உண்டா?
— கெங்கவல்லி வாசகர்

பதில்: சேலத்தில் அமர்ந்து வைரஸ் நோய்களைப் பற்றி எழுதும்போது மரவள்ளியை விட்டுவிட முடியாது. ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகள் நிறைந்து, 1981 முதல் அந்த ஆலைகளின் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு இயங்கும் மாவட்டத்தில், குச்சிக்கிழங்கின் நோய் ஊரின் நோயாகவே ஆகிவிடுகிறது. உங்கள் கேள்விக்குப் பதில், ஆம், உண்டு.

நம் பகுதியில் தேமலை உண்டாக்குவதில் இலங்கையின் பெயரால் அழைக்கப்படும் மரவள்ளித் தேமல் வைரஸுக்குப் பெரும் பங்கு உண்டு. இதே வைரஸ் 2015இல் கம்போடியாவில் கண்டறியப்பட்டு, பிறகு தென்கிழக்கு ஆசியாவில் வேகமாகப் பரவியது. வெள்ளை ஈயும் அதைப் பரப்புகிறது, நோயுற்ற விதைக் குச்சியும் பரப்புகிறது. குச்சியால் பரவுவதுதான் கொடுமை, ஏனெனில் நோயை நாமே வெட்டி நடுகிறோம்.

எதிர்ப்பு மரபணு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. நைஜீரியாவின் நாட்டு ரகம் ஒன்றில் கண்டறியப்பட்ட சிஎம்டி-2 என்ற ஓங்கு மரபணுவுக்கான குறிப்பான்கள் 2002இல் வெளியிடப்பட்டன. அதன்பின் நடந்ததை நான் மிகவும் வியக்கிறேன். தென் அமெரிக்காவில் மரவள்ளித் தேமல் நோயே கிடையாது. கொலம்பியாவில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை மையம், நோயைக் கண்ணால் பார்க்க வழியில்லாத அந்த இடத்தில் இருந்துகொண்டே, குறிப்பானை மட்டும் நம்பி எதிர்ப்புள்ள நாற்றுகளைப் பொறுக்கியெடுத்து ஆப்பிரிக்க நாடுகளுக்கு அனுப்பியது.

தக்காளியில் செய்வதுபோல் மரவள்ளியில் திரும்பத் திரும்பப் பின்கலப்பு செய்ய முடியாது. ஒவ்வொரு ரகமும் கலப்பு மரபுடையது. உங்கள் பகுதியில் விரும்பி நடும் ஒரு ரகத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதில் எதிர்ப்பை மட்டும் சேர்ப்பது இயலாத காரியம். கலப்பில் பிறக்கும் ஒவ்வொரு விதையும் ஒரு புது ரகம். அவற்றில் சிஎம்டி-2 உள்ளவற்றைக் குறிப்பானால் பிரித்து, அவற்றுக்குள் மாவுச்சத்தும் விளைச்சலும் உள்ளதை வயலில் தேட வேண்டும். அதனால்தான் எதிர்ப்பு ரகம் வந்தபிறகும், ஆலைக்கு ஏற்ற எதிர்ப்பு ரகம் வருவதற்கு மேலும் ஆண்டுகள் ஆகின்றன. திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் ஸ்ரீ பத்மநாபா, ஸ்ரீ ரக்ஷா போன்ற எதிர்ப்பு ரகங்களை வெளியிட்டிருக்கிறது. உங்கள் மண்ணுக்கும் ஆலையின் தேவைக்கும் எது பொருந்தும் என்று ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டு, முதலில் சிறு பரப்பில் நட்டுப் பாருங்கள்.

திசு வளர்ப்பு நாற்று வாங்குவோருக்கு ஒரு செய்தி. செல்திரளிலிருந்து புதிதாகக் கருவுருக்களை உண்டாக்கி வளர்க்கும் முறையில் சிஎம்டி-2 எதிர்ப்பு மறைந்துவிடுவது 2016இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது; இருக்கும் தண்டு நுனியையோ கணுவையோ கொண்டு வளர்க்கும் முறையில் அந்த இழப்பு ஏற்படவில்லை. எந்த முறையில் வளர்த்தது என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: காட்டுச் செடியின் மரபணுவைச் சேர்க்கிறார்கள் என்றால் இதுவும் பி.டி. கத்தரி போன்ற மரபணு மாற்றுப் பயிர்தானே? என் வீட்டில் இந்தக் காய்களைச் சமைக்கத் தயங்குகிறார்கள்.
— சேலம் அம்மாபேட்டை வாசகி

பதில்: தயங்க வேண்டியதில்லை. இங்கே மரபணு மகரந்தத்தின் வழியாகவே வருகிறது. ஆய்வகத்தில் செடிக்குள் எதையும் செலுத்துவதில்லை. ஆய்வகத்தில் நடப்பது படிப்பது மட்டுமே: பிறந்த செடிகளில் வேண்டியது எதில் இருக்கிறது என்று ஒரு துண்டு இலையை வைத்துப் பார்க்கிறார்கள். மண்ணில் வாழும் பாக்டீரியாவின் மரபணுவைப் பெற்ற பி.டி. கத்தரிக்கு மத்திய அரசு 2010 பிப்ரவரியில் தடை விதித்தது. மரபணு மாற்றுப் பயிர்களுக்கான விதிமுறைகள் குறிப்பான் உதவியோடு தேர்ந்த ரகங்களுக்குப் பொருந்துவதில்லை. வேறுபாட்டுக்குப் பப்பாளி நல்ல எடுத்துக்காட்டு. பப்பாளி இனத்துக்குள் வளையப்புள்ளி வைரஸை வலுவாக எதிர்க்கும் மரபணு கிடைக்காததால், ஹவாயில் அந்த வைரஸின் உறைப்புரத மரபணுவையே செடிக்குள் செலுத்தி உருவாக்கிய ரகம் 1998இல் பயிருக்கு வந்தது. அது மரபணு மாற்றுப் பயிர். தக்காளிக்கு உறவுக்காரச் செடிகளிலேயே எதிர்ப்பு கிடைத்ததால் அந்தத் தேவை எழவில்லை.

கேள்வி: எதிர்ப்புள்ள வீரிய ஒட்டுத் தக்காளியிலிருந்து நானே விதை எடுத்து நட்டால் எதிர்ப்பு நிற்குமா?
— மேச்சேரி வாசகர்

பதில்: ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்த ஓங்கு மரபணு ஒன்று இருந்தால், நீங்கள் எடுக்கும் விதையில் நான்கில் மூன்று செடிகளுக்கு அது கிடைக்கும். அப்படி இரண்டு மரபணுக்கள் என்றால், இரண்டும் சேர்ந்து கிடைப்பது பதினாறில் ஒன்பது செடிகளுக்கே. மற்ற குணங்களும் சிதறிவிடும் என்பதால் காய்களும் ஒரே சீராக இரா. விதை எடுத்து வைக்கும் எண்ணமிருந்தால் நிலையான ரகத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

கேள்வி: எதிர்ப்பு ரகம் நட்டால் வலை, பொறி இவையெல்லாம் தேவையில்லை என்று விதை விற்பவர் சொல்கிறார். உண்மையா?
— விவசாயி, காடையாம்பட்டி

பதில்: உண்மையில்லை, அப்படிச் சொல்வது உங்களுக்கு மட்டுமல்லாமல் அந்த மரபணுவுக்கே கேடு. தக்காளியில் டிஎம்-2² என்ற மரபணு, தேமல் வைரஸ்களை அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தடுத்து நிறுத்தியது. எந்த எதிர்ப்பு மரபணுவும் இவ்வளவு காலம் தாங்கியது அரிது. 2014இல் இஸ்ரேலில் காணப்பட்ட தக்காளிப் பழுப்புச் சுருக்க வைரஸ் அதையும் மீறிவிட்டது. டிஒய் மரபணு உள்ள செடியிலும் இலைச்சுருட்டை வைரஸ் குறைந்த அளவில் பெருகத்தான் செய்கிறது. வயலில் வைரஸ் எவ்வளவு மிகுகிறதோ, அவ்வளவு வாய்ப்பு அது மாறித் தப்புவதற்குக் கிடைக்கிறது.

நாற்றங்காலை 40 முதல் 50 கண்ணி அளவுள்ள நைலான் வலையால் மூடுங்கள். நாற்று விட்ட முதல் மாதத்தில் நோய் தொற்றாமல் காப்பாற்றினால் பாதி வேலை முடிந்தது. நடவுக்கு முன்பே வயலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளம் விதையுங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறிகளை வைத்து ஈ வருகிறதா என்று கண்காணியுங்கள். நட்ட ஒன்றரை மாதத்துக்குள் சுருண்ட செடியைப் பார்த்தால் தயங்காமல் பிடுங்கி, பையில் போட்டு வயலுக்கு வெளியே கொண்டுபோய் அழித்துவிடுங்கள். காய்ப்பு முடிந்த பழைய தக்காளி, மிளகாய் வயலின் ஓரத்தில் புது நாற்றை நடாதீர்கள். பக்கத்து வயல்காரரோடு பேசி, பழைய பயிரை அகற்றியபின் ஒரே வாரத்தில் இருவரும் நட முடிந்தால் இன்னும் நல்லது.